பதினோரு கதவில் நாலு

போன மாதம் ஆபீஸிலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், கதவு ஷெட்யூல்ல ஒவ்வொரு கதவு பக்கத்துலயும் ஒரு சின்ன ஆள் நிக்கிறாரே, அவரை எடுத்துடலாமா? புது வெர்ஷன்ல ஷீட் ஒரே அடைசலா தெரியுது. இது இன்னாத்துக்குன்னு புது சார் கேக்குறாரு."

போனில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தச் சின்ன ஆளை அங்கே நிறுத்தியவள் நான். ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பையும், அதைவிட மோசமாக நான் செய்யாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஷெட்யூல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டிடத்தில் இருக்கும் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து ஒரு அட்டவணை போடுவோம். அகலம், உயரம், இரும்பா மரமா, எத்தனை வேண்டும் என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னப் படம் வரைவோம். கதவு செய்கிறவர் கையில் இந்த ஒரு தாள்தான் போகும். முழு பிளானை அவர் பார்ப்பதில்லை, பார்க்க நேரமும் இல்லை. படத்தில் கீல் இடது பக்கம் இருந்தால் இடது பக்கம் வைப்பார். ஆனால் அறைக்குள் நின்று பார்த்தால் இடது பக்கம் இருக்கிற கீல், வெளியே வந்து பார்த்தால் வலது பக்கம். ஆகவே படம் வரைகிறவர் எங்கே நின்று வரைந்தார் என்று தெரியாவிட்டால் அந்தப் படத்தை நம்ப முடியாது. முப்பத்தோரு வருஷ வேலையில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

நான் ஆலங்காயத்துக்காரி. ஐடிஐயில் டிராப்ட்ஸ்மேன் படித்து, திருப்பத்தூரில் கட்டிட வரைபட ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன். முதல் ஒரு வருஷம் எழுத்து மட்டும்தான் எழுத விட்டார்கள். அப்புறம் கோடு. அப்புறம் படிக்கட்டு. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, திரும்பி வந்தபோதும் அதே மேஜை காலியாக இருந்தது. சைட்டில் எல்லோரும் என்னை "டிராப்ட்ஸ்மேன் மேடம்" என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் இருக்கும் குழப்பம் என்னைத் தவிர யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

வரைபடப் பிரிவுக்குத் தலைவர் சம்பந்தம் சார். உயரமான, சத்தம் போடாத மனிதர். திட்டவே மாட்டார். தப்பு இருந்தால் பச்சைப் பென்சிலால் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துத் திருப்பித் தருவார். என்ன தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை ஒரு புள்ளிக்காக நான் ஒரு முழுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாயங்காலம் போய்க் கேட்டால், அது பென்சில் தவறிப் பட்டது என்றார். அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

கதவு ஷெட்யூலுக்கு மட்டும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தாளை எடுத்துக்கொண்டு எழுந்து ஆபீஸ் வாசலுக்குப் போவார். நிலைப்படியில் நிற்பார். தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு எட்டு உள்ளே வைப்பார், ஒரு எட்டு வெளியே வைப்பார். உள்ளே வர வந்த வாடிக்கையாளர்கள் வழி கிடைக்காமல் படியிலேயே நிற்பார்கள். பிறகு வரைந்தவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீ இப்ப எங்க நிக்கிற?"

"உள்ள சார்."

"உள்ளன்னா எந்த ரூம்ல?"

பதில் சொல்லத் தடுமாறினால் அதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார். போய் உட்கார்ந்துவிடுவார். மறுபடி எல்லாக் கதவையும் பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பதினோரு கதவு என்றால் பதினோரு தடவை அந்தக் கேள்வி வரும். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். டிரேசிங் தாள் காலத்தில் எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. தாளைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் மறுபக்கத்திலிருந்து தெரியும் படம் கிடைத்துவிடும். அதைச் செய்து சட்டென்று பதில் சொன்னால் சார் ஒரு நொடி என்னை உற்றுப் பார்ப்பார். அது பாராட்டா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இரும்புக் கதவு, ஜன்னல் எல்லாம் ஆலங்காயத்தில் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரம் அண்ணன்தான் எங்கள் ஆபீஸ் வேலைகளுக்குச் செய்வார். எந்த ஆபீஸ் தாளையும் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. வந்து நின்று, தாளை இப்படியும் அப்படியும் பார்த்து, "இது உள்ளயா வெளியயா மேடம்?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். சார் வாசலில் கேட்டு முடித்த கேள்வியை இவர் என் மேஜையில் மறுபடி கேட்பார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னைப் படுத்துகிறார்கள் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு தபா கேட்டா வாய் வலிக்காது மேடம். வெல்டு வெச்சிட்டு அறுத்தா கை வலிக்கும்" என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதலில் கோடு போட மட்டும். அப்புறம் கட்டிடத்தையே முழுசாக உள்ளே கட்டுகிற மென்பொருள் வந்தது. சுவரில் ஒரு கதவை வைத்தால் போதும், ஷெட்யூலை அதுவே தயார் செய்துவிடும். அளவு மாற்றினால் அட்டவணையிலும் மாறும். எனக்கு நாற்பத்தைந்து வயசுக்கு மேல். ஆனாலும் ஆபீஸிலேயே முதலில் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

அந்த ஷெட்யூலில் படம் எந்தப் பக்கத்திலிருந்து தெரிய வேண்டும் என்று ஒரு இடத்தில் கேட்கும். உள்ளேயா வெளியேயா என்று கேட்காது. "திறக்கும் பக்கமா, அதற்கு எதிர்ப்பக்கமா" என்று கேட்கும். கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறதோ அந்தப் பக்கம் நின்று பார்ப்பதா, மறுபக்கம் நின்று பார்ப்பதா என்பது அதன் கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லாக் கதவும் அறைக்குள்ளேதான் திறக்கும். வீடானாலும் சரி, பள்ளிக்கூடமானாலும் சரி. ஆகவே திறக்கும் பக்கம் என்றால் உள் பக்கம். நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அட்டவணைக்குக் கீழே, "எல்லாப் படங்களும் உள்ளிருந்து பார்த்த தோற்றம்" என்று ஒரு குறிப்பு எழுதி, எல்லா வேலைக்கும் அதையே மாதிரித் தாளாக ஆக்கிவிட்டேன்.

அந்தக் குறிப்பு வந்த பிறகு ஆபீஸில் ஒரு நிம்மதி வந்தது. சம்பந்தம் சார் வாசலுக்குப் போவது குறைந்து, பிறகு நின்றுவிட்டது. அதுதான் எழுதியிருக்கிறதே. ஏகாம்பரம் அண்ணனும் கேட்பதை விட்டுவிட்டார். குறிப்பின் மேல் விரலை வைத்து, "உள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். இப்படி ஆறேழு வருஷம் ஒரு கதவுகூடத் தப்பாகவில்லை.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் பிரசவ விடுதி கட்டும் வேலை வந்தது. ஒரு அறக்கட்டளையின் வேலை. கிராமத்தின் பெயரும் அறக்கட்டளையின் பெயரும் வேண்டாம். அதுவரை அங்கே இரண்டு அறைகள் கொண்ட ஓட்டு வீட்டில்தான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு ராணி சிஸ்டர். கணியம்பாடிக்காரர். மலையில் பல வருஷமாகத் தனியாக இருந்து பிரசவம் பார்த்தவர். பிள்ளை பெற வருகிறவர்கள் ஜீப்பில் வருவார்கள், ஜீப் வராத இடத்திலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதுக் கட்டிடத்தில் சாய்தளம், அதிலிருந்து அறைகளுக்கு முன்னால் நீண்ட நடை, நடையிலிருந்து பிரசவ அறை. மொத்தம் பதினோரு கதவு. ஜன்னல் எல்லாம் நகர்த்தும் வகை என்பதால் அதில் பிரச்சினை இல்லை.

எல்லாத் தாளும் முடிகிற நேரத்தில் சிஸ்டர் ஆபீஸுக்கு வந்தார். பிளானை மேஜையில் விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிரசவ அறைக் கதவின் மேல் விரலை வைத்தார்.

"இது உள்ள தொறந்தா கட்டில் மேல போய் இடிக்கும் மேடம். வெளிய தொறக்கற மாதிரி வெச்சிக் குடுங்க. தாய்மாருங்க படுக்கற ரூமுக்கும் அப்படியே. பாத்ரூம் ரெண்டும் கண்டிப்பா வெளியதான் தொறக்கணும். பச்சை உடம்புக்காரி உள்ள மயங்கி கதவு மேல வுழுந்துட்டா நான் எப்படித் தொறக்கறது?"

நியாயமான பேச்சு. இத்தனை வருஷத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் எதிரிலேயே நாலு கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினேன். ஒரு கதவுக்கு ஒரு கிளிக். கீல் இருக்கும் பக்கத்தை மாற்றவில்லை. சாய்தளத்திலிருந்து வரும் ஸ்டிரெச்சர் திரும்பும்போது கதவு வழியை மறைக்கக் கூடாது என்பதால், கீல் சாய்தளத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அது அப்படியே சரிதான். பிளானைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஷெட்யூலைத் திறந்து பார்க்கவில்லை. அதுதான் தானாகவே மாற்றிக்கொள்ளுமே.

மாற்றித்தான் கொண்டது. கதவு வெளிப்பக்கம் திறக்க ஆரம்பித்ததும், "திறக்கும் பக்கம்" நடைப் பக்கமாகிவிட்டது. மென்பொருள் சொன்னபடியே நடைக்கு வந்து நின்றுகொண்டு அந்த நாலு படத்தையும் வரைந்துவிட்டது. மற்ற ஏழும் உள்ளிருந்து, இந்த நாலும் வெளியிலிருந்து. கீழே என் குறிப்பு, எல்லாப் படங்களும் உள்ளிருந்து பார்த்த தோற்றம் என்று, அசையாமல் நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன். சம்பந்தம் சார் வாசலுக்குப் போகாமலே கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் அண்ணன் குறிப்பின் மேல் விரலை வைத்து, "உள்ள" என்றார்.

மலையில் கட்டிடம் எழும்பியது. கதவுச் சட்டங்கள் கீலோடு போய்ச் சேர்ந்தன. எண்ணைப் பார்த்து மேஸ்திரி வைத்துப் பூசிவிட்டார். கதவுகளை மாட்டியது ஒரு வியாழக்கிழமை. அன்று மத்தியானம் சைட் சூப்பர்வைசர் போன் செய்தார். பிரசவ அறைக் கதவைத் திறந்தால் அது நடையின் குறுக்கே வந்து நிற்கிறது, ஸ்டிரெச்சர் திரும்ப இடமில்லை, நாலு கதவு இப்படி இருக்கிறது என்றார். அடுத்த வாரம் திறப்பு விழா.

சம்பந்தம் சார் போனை வைத்துவிட்டு, "ஏகாம்பரம் மாத்தி வெச்சிக்கிறான்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். இது சத்தியம்.

ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. தாளைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிற ஆள் என்றால் பதினொன்றையும் மாற்றித்தான் வைத்திருப்பார். ஏழைச் சரியாக வைத்துவிட்டு நாலில் மட்டும் எப்படித் தவறுவார்? அதுவும் எந்த நாலு? வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பிளானையும் ஷெட்யூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த நாலு என்று தெரிந்துவிட்டது.

சார் வந்ததும் இரண்டு தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் எழுந்து வாசலுக்குப் போனார். உள்ளே ஒரு எட்டு, வெளியே ஒரு எட்டு. எப்போதையும்விட அதிக நேரம் நின்றார். வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"குறிப்புல உள்ளன்னுதானம்மா போட்டுக்குது?"

"ஆமா சார். படம் வெளியில இருந்து வந்துக்குது."

"ஷெட்யூல பாக்கறவன் குறிப்பப் பாப்பான். படத்த யாரு போய் பிளானோட வெச்சிப் பாக்கப் போறான்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு புள்ளிக்காக என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்த மனிதர் சொல்கிற பேச்சு அது. அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. கையெழுத்து இரண்டு பேருடையது.

"திங்கக்கிழமை நீயே மேல போய்ட்டு வா. உனக்கு இன்னா தோணுதோ சொல்லு" என்றார்.

சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கே அறக்கட்டளைச் செயலாளருக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். எண் என்னிடம் இருந்தது. ஏகாம்பரம் அண்ணனுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் பட்டறை நான் தினமும் இறங்கும் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் யாருக்கும் சொல்லவில்லை. மாதிரித் தாள் என்னுடையது. அந்த மென்பொருள் எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. வேறு காரணம் எதையும் இப்போது தேட விரும்பவில்லை.

திங்கட்கிழமை ஜீப்பில் ஏகாம்பரம் அண்ணனும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். காலுக்கடியில் அறுக்கும் மெஷின். ஏற்றத்தில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. சமதளம் வந்ததும் சொன்னார்.

"எனக்கே புரியல மேடம். ஏழு சரியா வந்துக்குது. நாலு எப்படித் திரும்பிச்சி? அத்த செய்யும்போது எனக்கு ரெண்டு நாளா ஜுரம். ஜுரத்தோட வெல்டு வெச்சேன். அதான் இருக்கும். வேற இன்னா?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சாமைக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அப்போது சொல்லியிருக்கலாம். ஜீப்பில் டிரைவரையும் எங்களையும் தவிர யாருமில்லை. அந்த மனிதர் தன் மேல் பழி போட்டுக்கொள்ள ஒரு காய்ச்சலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டிடத்தில் செயலாளர் காத்திருந்தார். ராணி சிஸ்டர், சூப்பர்வைசர், மேஸ்திரி, உள்ளூர்க்காரர்கள் சில பேரும் இருந்தார்கள். செயலாளர் பிரசவ அறைக் கதவைத் திறந்து காட்டினார். அது நடையை மறித்துக்கொண்டு நின்றது. ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அது கதவில் முட்டி நின்றது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

"இத்தினி வருஷ அனுபவம்ன்றீங்க. உள்ள எது வெளிய எதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றார் செயலாளர்.

ஏகாம்பரம் அண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "என் தப்புதாங்க. அறுத்து மாத்திக் குடுத்துட்டு போறேங்க."

"மாத்துங்க. ஆனா அடுத்து மாணவர் விடுதி வேலை உங்களுக்கு இல்ல. சனிக்கிழமையே வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்."

விடுதி என்றால் நாற்பது அறை. அந்த வேலையை நம்பி அவர் பட்டறையைப் பின்பக்கம் நீட்டிக் கொட்டகை போட்டிருந்தார். அது எனக்கும் தெரியும். அவர் குனிந்து கீலைத் தடவிப் பார்த்தார்.

"தப்பு அவருது இல்லைங்க. என்னுது" என்றேன்.

பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து நடைத் தரையில் விரித்தேன். பிளானில் கீல் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். ஷெட்யூலில் படத்தைக் காட்டினேன். குறிப்பைக் காட்டினேன். செயலாளருக்குப் பிடிபடவில்லை. குறிப்பில் உள்ளே என்றுதானே இருக்கிறது, அப்புறம் எப்படி உங்கள் தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சிஸ்டர்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"போட்டோ எடுக்கறவங்க ரூம்ல இருந்து எழுந்து நடைக்குப் போயிட்டாங்க. அட்டையில மட்டும் ரூம்ல எடுத்ததுன்னு எழுதிக்கீது. அதானே மேடம்?"

அதுதான் என்றேன். அதைவிடச் சுருக்கமாக நான் இன்று வரை யாருக்கும் விளக்கியதில்லை.

செயலாளர் குனிந்து இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "விடுதி வேலைக்கு வாக்குக் குடுத்துட்டேன். அந்த ஆளு சாமான் எறக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா வேற பேச்சு. இப்ப இன்னா பண்றது" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஏகாம்பரம் அண்ணன் தரையில் விரித்திருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு படத்தின் மேலும் ஒவ்வொன்றாக விரலை வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எப்ப தெரியும் மேடம்?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"அப்ப ஜீப்புல வரும்போது?"

"தெரியும்."

தலையை ஒரு தடவை ஆட்டினார். "யார் தப்புன்னு பேசி முடிச்சிட்டீங்கன்னா கதவப் பாருங்க, எனக்கு மூணு கேஸு நாளு நெருங்கிக்கினு கீது" என்று சிஸ்டர் சத்தம் போட்டார். ஏகாம்பரம் அண்ணன் மெஷினை எடுத்துக்கொண்டு போனார். கரண்ட் விட்டு விட்டு வந்தது. பிரசவ அறைச் சட்டத்தையும் தாய்மார் அறைச் சட்டத்தையும் சாயங்காலத்துக்குள் அறுத்தெடுத்து, கீலை மாற்றி, திரும்ப நிறுத்திவிட்டார். பாத்ரூம் கதவு இரண்டும் யார் வழியையும் மறிக்கவில்லை. ஓடு ஒட்டி முடித்துவிட்ட சுவரை மறுபடி இடிக்க வேண்டாம் என்று அவற்றை அப்படியே விட்டார்கள். திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகும் எங்கள் ஆபீஸ் வேலைகளை அவர் செய்தார். ஆனால் தாள் வாங்க அவர் வரவில்லை, ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அவர் பட்டறையைத் தாண்டும்போது சில நாள் கண்ணில் படுவார். தலையை ஆட்டுவார். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, வேறு விஷயம் பேசி அனுப்பிவிட்டார். சம்பந்தம் சார் இரண்டு மாதம் கழித்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விழாவில் என்னைத் தன் சிறந்த மாணவி என்று சொன்னார். கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அந்த மாதிரித் தாளில் இருந்த பொதுக்குறிப்பை அழித்தேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கதவின் படத்துக்குப் பக்கத்திலும் கதவை மேலிருந்து பார்க்கும் ஒரு சின்னப் படம் வைத்து, அதில் பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு ஆளை நிறுத்தினேன். அவரைக் கையால்தான் வைக்க வேண்டும், மென்பொருள் தானாக வைக்காது. பதினோரு கதவு என்றால் பதினோரு தடவை யோசித்து வைக்க வேண்டும். கவிதா, ஷீட் அடைசலாகத் தெரிகிறது என்பது உண்மைதான். எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் இஷ்டம். எடுத்தால், அந்த யோசனையை வேறு எங்கேயாவது வைத்துவிட்டு எடுங்கள்.

இதை எழுத உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போயிருந்தேன். அந்தப் பிரசவ விடுதி இருக்கிற கிராமத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஜீப்பில் நெருக்கடி. என் பக்கத்தில் ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், புது வீடு கட்டுகிற கதையை எதிரில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வூடெல்லாம் நல்லாத்தான் வந்துகீது. சமையல்கட்டு கதவுதான் ஏகாம்பரம் கதவாப் போச்சி. தொறந்தா அடுப்பு மேல போவுது."

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "இன்னா கதவும்மா?" என்றேன்.

"ஏகாம்பரம் கதவுங்க. மாத்தித் தொறக்கறது. எங்க ஆஸ்பத்திரி பாத்ரூம்ல ரெண்டு கீது, பாத்ததில்லையா?"

"ஏகாம்பரம் யாரு?"

"அது யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் சொல்லுவோம்."

அந்த நடையில் நான் பேசியபோது கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதற்கு முன்னால் அந்த மூன்று நாளில் மலை முழுக்கப் பேச்சு போய்விட்டிருந்தது.

"அந்தக் கதவு அவரு தப்பு இல்லம்மா. படம் போட்டது நான். என் பேரு புவனா. சொல்றதா இருந்தா புவனா கதவுன்னு சொல்லு."

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்து, என் கையைத் தட்டினாள்.

"சும்மா இருங்கம்மா. புவனா கதவுன்னா யாருக்குப் புரியும்? ஏகாம்பரம் கதவுன்னாதான் எல்லாருக்கும் தெரியும்."